மின்சாரக் கார் கடைப் பெட்டியை இழுக்குமா?

வன்னியில் சந்தை சந்தையாகச் சென்று புடவை வியாபாரம் செய்யும் நானா ஒருவர் அண்மையில் எம்மிடம் ஓர் ஆலோசனை கேட்டார். லண்டனில் இருக்கும் அவரது மருமகன், மின்சாரக் காருக்குப் பின்னால் கேரவன் எனப்படும் தங்குமிட வண்டியைக் கொழுவிக்கொண்டு குடும்பத்தோடு விடுமுறைக்குப் போன படத்தை அனுப்பியிருக்கிறார். "வீட்டையே இழுக்குதாம், என்ட கடைப் பெட்டியை இழுக்காதா? லொறியை வித்துப்போட்டு, மிச்சக் காசுக்கு லீசிங் எடுக்கலாம் எண்டு பாக்கிறன்" என்றார் நானா.

இந்த யோசனை அவருக்கு மட்டும் உரியதல்ல. 2022இல் டீசலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றதை எமது வியாபாரிகள் மறக்கவில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்ட பின்னர் மின்சாரக் கார்களை எங்கும் காண்கிறோம். எனவே இதைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது.

இழுக்குமா என்றால், இழுக்கும். மின் மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு இழுவிசையையும் தரக்கூடியது. கேள்வி, எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதுதான்.

வன்னி சமதரை. இங்கே பெட்டரியை விழுங்குவது பாரத்தை விடக் காற்றுத்தான். காரை விட உயர்ந்து நிற்கும் பெட்டி காற்றை மோதிக்கொண்டே வருகிறது. வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அமெரிக்காவில் மின்சார பிக்கப் வண்டிகளில் கேரவனைக் கட்டி இழுத்துப் பார்த்த சோதனைகளில், ஒரு தடவை சார்ஜில் ஓடும் தூரம் பாதியாகவும், சில வேளை அதற்குக் கீழாகவும் குறைந்தது. டீசல் வாகனமும் பாரம் இழுத்தால் கூடுதலாகக் குடிக்கத்தான் செய்யும். ஆனால் அதற்கு ஐந்து நிமிடத்தில் எண்ணெய் அடித்துவிடலாம்.

ஒரு கணக்குப் போடுவோம். 60 கிலோவோட் மணி பெட்டரி உள்ள பிவைடி அட்டோ 3 காருக்கு ஐரோப்பியச் சோதனைப்படி 420 கிலோ மீற்றர் சொல்லப்படுகிறது. ஏசியும் போட்டு ஓடினால் 350 என்று வைத்துக்கொள்வோம். உயரமான பெட்டியைக் கட்டினால் அது 175 ஆகிவிடும். வவுனியாவிலிருந்து மாங்குளம் வழியாக முல்லைத்தீவுக்குப் போய்வர ஏறக்குறைய 190 கிலோ மீற்றர். திரும்பும் வழியில் எங்கோ நிற்க வேண்டிவரும். கொழும்பில் போல அடுத்தடுத்து வேகச் சார்ஜர்களை வன்னியில் எதிர்பார்க்க முடியாது. சார்ஜர் இருந்தாலும் பெரும்பாலும் பெட்டியைக் கழற்றி ஓரமாக விட்டுத்தான் காரை உள்ளே விட வேண்டும். சரக்குப் பெட்டியை வீதியோரம் விட எந்த வியாபாரிக்கு மனம் வரும்?

அடுத்தது, இழுக்க அனுமதிக்கப்பட்ட எடை. அட்டோ 3க்கு வெளிநாடுகளில் தரப்பட்டுள்ள அளவு 750 கிலோ. இரும்புப் பெட்டியின் சொந்த எடையும் அதற்குள் அடக்கம். பத்தாண்டுகளுக்கு முன் இங்கு நிறைய வந்த நிசான் லீஃப் காருக்கோ இழுவை அனுமதியே கிடையாது. அதன் பெட்டரிக்குத் தனியான குளிரூட்டலும் இல்லை. எமது வெயிலில் அது தேய்வதைச் சொல்ல வேண்டியதில்லை. மலிவாகக் கிடைக்கிறதென்று அதை வாங்கிக் கொழுக்கி ஒட்டிக்கொள்வது வீண் செலவு. விபத்து நேர்ந்தால் காப்புறுதிக்காரரும் கையை விரிக்கக்கூடும். ட்ரெய்லருக்கும் தனிப் பதிவு உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

அப்படியென்றால் மின் வாகனமே வேண்டாமா? எமது கருத்து அதுவல்ல. வவுனியாவை மையமாக வைத்துச் செட்டிகுளம், ஓமந்தை, புளியங்குளம் என்று நாளுக்கு 60, 70 கிலோ மீற்றருக்குள் சுற்றி, இரவில் வீட்டுக்குத் திரும்புபவருக்கு அது பொருந்தும். பெட்டி காரின் உயரத்தைத் தாண்டக் கூடாது. வேகம் 60ஐத் தாண்டக் கூடாது. கடைக் கூரையில் சூரிய மின்கலம் இருந்தால் இன்னும் இலாபம். கொழும்புக்குச் சரக்கெடுக்கப் போகிறவருக்கு இன்றைய நிலையில் லொறிதான் சரி.

அரசும் செய்ய வேண்டியது உண்டு. சொகுசுக் கார்களைப் பற்றிய பேச்சே எங்கும் கேட்கிறது. சிறு வியாபாரிக்குத் தேவையானது ஒரு தொன் ஏற்றும் மின்சார லொறி. அதற்கு வரிச் சலுகையும், வவுனியா, மாங்குளம், கிளிநொச்சிச் சந்தைகளில் சார்ஜர் வசதியும் கிடைத்தால் பெட்டி இழுக்கும் தேவையே வராது. வர்த்தக சங்கங்கள் இதைக் கேட்க வேண்டும்.

நானாவுக்கு நாம் சொன்னது இதுதான்: "லொறியை இப்ப விற்க வேண்டாம். ஒரு மாதத்துக்கு ஒவ்வொரு நாளும் ஓடிய கிலோ மீற்றரையும் ஏற்றிய எடையையும் கொப்பியில் எழுதுங்கள். முடிவை அந்தக் கொப்பி சொல்லும்."

லீசிங் கடிதத்தில் கையெழுத்து வைக்கும் முன் அந்தக் கொப்பியை ஒவ்வொருவரும் எழுதிப் பார்ப்பது நல்லது.