கைப்பேசியிலும் 'பங்க்' வகுப்பா?

சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையே ஓடும் கப்பலில் கேபினும் உண்டு, பங்க்கும் உண்டு. கேபின்காரர் எவ்வளவு பணம் கொடுத்தாலும், பங்க் பயணியின் படுக்கையில் பாதியை நடுக்கடலில் பறித்துக்கொள்ள முடியாது. இடையே இருப்பது இரும்புச் சுவர்.

5ஜி தொழில்நுட்பத்தில் பேசப்படும் 'நெட்வொர்க் ஸ்லைசிங்' முறையும் ஏறக்குறைய இப்படித்தான். ஒரே கோபுரத்தையும் ஒரே அலைவரிசையையும் மென்பொருளால் பல கூறுகளாகப் பிரிப்பார்கள். ஆஸ்பத்திரிக்கு ஒன்று, துறைமுகத்துக்கு ஒன்று, பெரிய கம்பெனிக்கு ஒன்று, பொதுமக்களுக்கு ஒன்று. ஆனால் இங்கே சுவர் இரும்பல்ல. நினைத்த மாத்திரத்தில் அதை நகர்த்தலாம். நகர்த்தியது வாடிக்கையாளருக்குத் தெரியாது.

இம்முறையே கூடாது என்பதற்கில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியை இத்தீவுகள் மறக்கவில்லை. கோபுரமே சாய்ந்தால் எந்தக் கூறும் உதவாது என்பது உண்மை. ஆனால் எஞ்சிய கோபுரத்தை எல்லோரும் ஒரே நேரத்தில் மொய்க்கும்போது, மீட்புப் படையின் அழைப்பு முதலில் போய்ச் சேரத்தான் வேண்டும்.

உயிர் காக்கும் முன்னுரிமை வேறு, பணத்துக்கான முன்னுரிமை வேறு. கூடுதல் கட்டணம் செலுத்துவோருக்கு வேகத்தில் முன்னுரிமை என்ற ஏர்டெல், வோடபோன் ஐடியா திட்டங்களை நிறுத்தி வைக்குமாறு 2020 ஜூலையில் டிராய் கூறியது. மற்றவர்களின் சேவை பாதிக்கப்படுமா என்பதே அன்று எழுந்த கேள்வி. ஸ்லைசிங் வரும்போது அதே கேள்வி மீண்டும் எழும்.

சென்னை–அந்தமான் கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்டது. சுமார் 2,300 கிலோமீட்டர் நீளம்; செலவு சுமார் 1,224 கோடி ரூபாய். அதற்கு முன் செயற்கைக்கோளை நம்பி, ஒரு படம் வந்து சேரக் காத்துக்கிடந்த காலம் பலருக்கும் நினைவிருக்கும். அரசுப் பணத்தில் வந்த கேபிள் இது. ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில் மூட்டை தூக்குபவருக்கும் இதில் பங்குண்டு. மாலையில் அவர் ராமநாதபுரத்திலுள்ள பிள்ளையின் முகம் பார்ப்பதும், வீட்டுக்குப் பணம் அனுப்புவதும் பொதுக் கூற்றின் வழியாகத்தான்.

சிறப்புச் சேவைகளால் சாதாரண இணையத்தின் தரம் கெடக்கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு விதி வகுத்துவிட்டது. விதி இருந்தால் போதாது. அளந்து பார்க்க ஆள் வேண்டும். பொதுக் கூற்றுக்கு இவ்வளவுக்குக் குறையாத பங்கு என்று டிராய் நிர்ணயிக்க வேண்டும். தீவுவாரியாக அளந்து, மாதந்தோறும் மக்கள் அறிய வெளியிட வேண்டும்.

பங்க்கில் எத்தனை படுக்கை என்று கப்பல் ஏறுகிறவருக்குத் தெரியும். தன் கைப்பேசிக்கு எவ்வளவு என்று ரீசார்ஜ் செய்கிறவருக்கும் தெரிய வேண்டாமா? சம்பந்தப்பட்டவர்கள் ஆவன செய்வார்களாக!