உவர்க் கிணற்றுக்கு எந்தப் பம்பி?

ஆசிரியருக்கு,

கோடை இறைப்பு முடியும் காலத்தில் நீர்வேலிப் பக்கம் சில தோட்டக் கிணறுகள் உவர்த்துவிடும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்லுக்குள் நன்னீர் கடல்நீரின் மேல் மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறும். நிலாவரைக் கிணற்றின் ஆழத்தில் உப்புநீர் கிடப்பது ஊரறிந்தது.

ஆனாலும் நீர்ப்பம்பி வாங்கப் போனால் குதிரைவலுவையும் விலையையும்தான் கேட்கிறோம், உலோகத்தைக் கேட்பதில்லை. உவரில் வார்ப்பிரும்பு இரும்பை இழந்து பென்சில்கரியாக மிஞ்சும். வடிவம் மாறாது, கத்தியால் சுரண்டினால்தான் தெரியும். பித்தளை இம்பெல்லரிலோ நாகம் கரைந்துபோய், சிவந்து பொருமிய செம்பு மட்டும் நிற்கும்.

'ஸ்டெயின்லெஸ்' என்ற ஒற்றைச் சொல்லும் போதாது. பொதுக் கணக்கில் 304 ரகம் லீற்றருக்குச் சுமார் 200 மில்லிகிராம் குளோரைட் வரைக்கும்தான். மொலிப்டினம் 2 – 3 வீதம் கலந்த 316 சுமார் 1000 வரை தாங்கும். தண்ணீர் ஓடாமல் தேங்கி நின்றால் இரண்டிலும் குழி விழுவது விரைவாகும். பார்வைக்கு இரண்டும் ஒன்றே, காந்தம் வைத்தும் பிரித்தறிய முடியாது. பற்றுச்சீட்டில் ரக எண்ணை எழுதித் தராத கடையில் வாங்காமல் விடுவதே நல்லது.

தண்ணீரைப் பரிசோதிப்பதும் புரட்டாதியில் இருக்கட்டும். மாரியில் அள்ளினால் எந்தக் கிணறும் நல்ல பிள்ளைதான்.

மானியத்தில் பம்பி வழங்குவோர் கேள்விப்பத்திரத்தில் குதிரைவலுவுக்குப் பக்கத்தில் உலோக ரகத்தையும் ஒரு வரி சேர்க்கலாமே.

தோட்டக்காரர் ஒருவர்,
நீர்வேலி