கடையைக் கட்டுவது யார் கணக்கில்?

ஃபிரான்சைஸ் உணவகத்தில் பெயர் நிறுவனத்துடையது, சுவர் கட்டட உரிமையாளருடையது. இடையில் இருக்கும் தரை, குழாய், வயரிங், அடுப்பு, மேசை, நாற்காலிக்கு யார் பணம் போடுவது, தவறு நேர்ந்தால் யார் பதில் சொல்வது என்பதை ஒப்பந்தம்தான் தீர்மானிக்கிறது.

அமெரிக்காவின் சிக்-ஃபில்-ஏ நிறுவனம், கடை நடத்த வருபவரிடம் வாங்கும் ஆரம்பக் கட்டணம் 10,000 டாலர்தான். இடம், கட்டடம், சமையல் சாதனம் எல்லாவற்றையும் அதுவே போட்டுத் தருகிறது. ஆனால் கடையில் நடத்துபவருக்குச் சொத்துரிமை கிடையாது. விற்கவும் முடியாது, பிள்ளைக்கு எழுதிவைக்கவும் முடியாது. மெக்டொனால்ட்ஸின் வழி வேறு. 1956-ல் ஹாரி சொன்னபோர்னின் யோசனையில் பிறந்த ஃபிரான்சைஸ் ரியால்டி கார்ப்பரேஷன் காலத்திலிருந்து நிலமும் கட்டடமும் பெரும்பாலும் நிறுவனத்தின் பிடியில் இருக்கின்றன. சாதனம், பெயர்ப் பலகை, இருக்கை, அலங்காரம் ஆகியவை ஃபிரான்சைஸ் எடுத்தவர் செலவு. மூன்றாவது வகையில் இடம் பிடிப்பது முதல் திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் தரை துடைப்பது வரை எல்லாமே எடுத்தவர் தலையில். தமிழ்நாட்டில் டீ, பிரியாணி, ஷவர்மா என்று கிளை பரப்பும் பெயர்களில் பெரும்பாலானவை ‘ஃபோஃபோ’ என்று சொல்லப்படும் இந்த வகைதான்: முதலீடும் அவருடையது, நடத்துவதும் அவரே.

செலவு யாருடையதானாலும் வடிவமைப்பை நிறுவனம் விட்டுக்கொடுப்பதில்லை. அதற்குக் காரணம் உண்டு. டெக்சாஸின் டாக்கோ கபானா உணவகம், தன் கடைத் தோற்றத்தைப் பார்த்துக் கடை போட்டதாக டூ பெசோஸ் மீது தொடர்ந்த வழக்கில், 1992-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஓர் உணவகத்தின் தோற்றமே வணிகச் சின்னத்தைப் போலப் பாதுகாக்கப்படலாம் என்றது. சுவரின் நிறமும் கவுன்டரின் வடிவமும் சொத்து என்றால், அவற்றை ஆளுக்கொரு விதமாக மாற்ற எந்த நிறுவனமும் விடாது. ஆகவே மாதிரி வரைபடம், நிறங்களின் பட்டியல், விளக்கு வகை, சாதனங்களின் அளவு என்று ஒரு கையேடு வரும். அது பொதுவான மாதிரி மட்டுமே. பிடித்திருக்கும் கடையின் தூண், படிக்கட்டு, கழிவுநீர்க் குழாயைக் கணக்கில் எடுத்து வேலைக்கான வரைபடம் போட உள்ளூர்ப் பொறியாளர் வேண்டும். அவருக்கான கட்டணம் வழக்கமாக எடுத்தவருடையது. அந்த வரைபடம் மறுபடி நிறுவனத்தின் ஒப்புதலுக்குப் போகும்.

இந்த ஒப்புதலைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ‘எங்கள் கடை மாதிரி இருக்கிறது’ என்பதற்கு மேல் அதில் உத்தரவாதம் எதுவும் இருக்காது. சான் அன்டோனியோவில் இரண்டு டெய்ரி குவீன் கடைகளுக்குள் சக்கர நாற்காலியில் போக வசதியில்லை என்று ஒரு பெண் தாய் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார். கட்டட மாற்றங்களை மறுக்கும் அதிகாரம் ஒப்பந்தத்தில் இருப்பதால் மட்டும் நிறுவனம் கடையை நடத்துபவர் ஆகிவிடாது என்று 1995-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வரைபடத்தில் கையெழுத்துப் போடுபவர் ஒருவர், சட்டத்தின் முன் நிற்பவர் இன்னொருவர்.

மாதிரி வரைபடத்தில் தரை எப்போதும் ஒரே மட்டம்தான். நிஜத்தில் வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் துணிக்கடைக்கோ மருந்துக்கடைக்கோ ஏற்ற வெறும் ஷட்டர் கடை. சமையலறையில் தண்ணீர் வடிய தரைக்குச் சரிவும், அடியில் குழாயும் வேண்டும். தளம் தாழ்த்திக் கட்டப்படாத இடத்தில் குழாயைப் புதைக்க வழியில்லாததால், சமையலறைத் தரையையே அரை அடி உயர்த்தி அதற்குள் குழாய் ஓட்டுகிறார்கள். பரிமாறும் இடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு படி முளைக்கிறது. மேலே உயரம் குறைந்து எக்ஸாஸ்ட் ஹூட் மாட்ட இடம் நெருக்குகிறது. அந்த ஹூடிலிருந்து கிளம்பும் டக்ட் மாடி வீட்டு ஜன்னலைத் தாண்டி மொட்டை மாடிவரை போயாக வேண்டும். கழிவுநீர் வெளியேறும் முன் எண்ணெயைப் பிடிக்க கிரீஸ் டிராப், ஃபிரையருக்கும் ஏசிக்கும் ஈடுகொடுக்கும் மும்முனை மின்சாரம் என்று பட்டியல் நீளும். டக்டுக்குச் சுவரில் ஓட்டை போடவும், உரிமையாளர் பெயரில் உள்ள மின் இணைப்பின் லோடை உயர்த்தவும் அவர் சம்மதம் வேண்டும். “அதெல்லாம் பாத்துக்கலாம் சார்” என்ற வாய்வார்த்தையை நம்பி அட்வான்ஸ் கொடுத்தால், மாடி வீட்டுக்காரர் புகை பற்றிப் புகார் சொல்லும் நாளில் அது நிற்காது. இவை வாடகை ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டியவை.

சதுர அடிக்கு இவ்வளவு என்று விளம்பரத்தில் வரும் தொகையில் இவற்றில் எவை அடக்கம் என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவில் கூட்டரசு வணிக ஆணையத்தின் விதிப்படி, கையெழுத்துக்கோ பணம் கட்டுவதற்கோ குறைந்தது 14 நாள் முன்பே 23 தலைப்புகள் கொண்ட வெளிப்படுத்தல் ஆவணம் கைக்கு வர வேண்டும். அதன் 7-வது தலைப்பு தொடக்க முதலீட்டின் மதிப்பீடு, 8-வது பொருளை யாரிடம் வாங்க வேண்டும் என்ற கட்டுப்பாடு, 11-வது நிறுவனம் செய்து தரும் உதவி. இந்தியாவில் ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் இல்லாததால் இதையெல்லாம் எடுப்பவரே கேட்டு, வேலை வாரியாக ஒப்பந்தத்தின் இணைப்பில் எழுதி வாங்க வேண்டியிருக்கிறது. நிறுவனம் சொல்லும் கான்ட்ராக்டரிடம்தான் வேலை தர வேண்டும் என்றால், அவர் தாமதத்துக்கும் பழுதுக்கும் யார் பொறுப்பு என்பதும் அதில் வேண்டும்.

வரியும் சத்தமில்லாமல் கூடும். சாதாரண உணவகங்கள் 2017 நவம்பர் முதல் 5 சதவீத ஜிஎஸ்டி வசூலிக்கின்றன. பதிலுக்கு, தாங்கள் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி அவற்றுக்கு இல்லை. 10 லட்சம் ரூபாய் இன்டீரியர் வேலைக்கு 18 சதவீதமாகக் கட்டும் 1.8 லட்சம் திரும்பாது. ஃபிரான்சைஸ் கட்டணத்தின் மீதான ஜிஎஸ்டிக்கும் இதே கதி.

இரண்டு ஒப்பந்தங்களின் காலமும் பொருந்த வேண்டும். ஃபிரான்சைஸ் 5 ஆண்டு, வாடகை 11 மாதம் என்று கையெழுத்திட்டு லட்சங்களைச் சுவரில் இறைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வேலை நடக்கும் மாதங்களில் வாடகை உண்டா, நடுவில் கடையைப் புதுப்பிக்கச் சொன்னால் அது யார் செலவு என்பதும் முன்கூட்டிப் பேச வேண்டியவை.

உறவு முடியும்போது நிறுவனம் தன் நிறத்தையும் பலகையையும் அகற்றச் சொல்லும். உரிமையாளர் கடையைப் பழையபடி ஒப்படைக்கச் சொல்வார். இரண்டும் எடுத்தவர் செலவு. டைல்ஸ், வயரிங், குழாய் கட்டடத்தோடு போய்விடும். அடுப்பு, ஃபிரீசர், மேசை நாற்காலியைத்தான் விற்க முடியும். அவற்றை நிறுவனமே திரும்ப எடுத்துக்கொள்ளும் என்று ஷரத்து இருந்தால், விலையை எப்படிக் கணக்கிடுவார்கள் என்பதும் அதே ஷரத்தில் இருக்க வேண்டும்.