இரண்டாம் படியில் நிற்பவர்கள்

ஏற்காடு மலையில், வாழவந்திப் பக்கம் கிரிக்கெட் ஆடுவதில் ஒரு சிக்கல் உண்டு. சமதளம் கிடைப்பதே அபூர்வம். ஓங்கி ஒரு சிக்ஸர் அடித்தால் பந்து காபித் தோட்டத்துக்குள் உருண்டுவிடும். தேடி எடுத்து வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

குப்பனூர் வழியாக மலை இறங்கி, கிழக்கே வாழப்பாடிக்குப் போனால் காட்சியே வேறு. அங்கே 2020-ல் திறக்கப்பட்ட சேலம் கிரிக்கெட் பவுண்டேஷன் மைதானம் இருக்கிறது. டி.என்.பி.எல் போட்டிகள் நடக்கும் நாட்களில் மின்விளக்கு, டிவி கேமரா, ஆரவாரம் என்று ஊரே களைகட்டும்.

அங்கே ஆடுபவர்களில் பலருடைய பெயர் வெளி மாநிலத்தில் யாருக்கும் தெரியாது. ஆனாலும் அது முழுக்க முழுக்கத் தொழில்முறை லீக். ஏலம் உண்டு, சம்பளம் உண்டு. ஐ.பி.எல்லுக்குக் கீழே இருக்கும் இரண்டாம் படி அது.

இந்தப் படி எப்படி வேலை செய்கிறது?

தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் 2016-ல் தொடங்கிய லீக் இது. மொத்தம் எட்டு அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற ஏழு அணிகளோடு ஒருமுறை மோதும். முதல் நான்கு இடம் பிடிப்பவர்கள் அடுத்த சுற்றுக்குப் போவார்கள். வெளி மாநில வீரர்களுக்கு இடம் கிடையாது. அதனால்தான் மாவட்டத்துப் பையன்களுக்கு வாசல் திறக்கிறது.

ஐ.பி.எல் அணிகளுக்கும் இந்த அணிகளுக்கும் நேரடி ஒப்பந்தம் எதுவும் இல்லை. ஆனால் மேலே இருப்பவர்களின் கண் இங்கேதான் இருக்கிறது. யார் யார்க்கர் போடுகிறார், யார் பதற்றமில்லாமல் கடைசி ஓவரை ஆடுகிறார் என்று திறமை தேடுபவர்கள் கவனித்துக்கொண்டே இருப்பார்கள்.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜனின் கதை அப்படித்தான் திரும்பியது. டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவர். 2015-ல் ரஞ்சியில் நுழைந்த வேகத்திலேயே பந்துவீச்சு முறையில் சந்தேகம் எழுந்து, அணியில் இடம் போனது. பந்துவீச்சைத் திருத்திக்கொண்டு, 2016-ல் திண்டுக்கல் டிராகன்ஸுக்காக டி.என்.பி.எல்லில் ஆடினார். சூப்பர் ஓவரில் அவர் போட்ட ஆறு யார்க்கர்கள் பேசப்பட்டன. அடுத்த ஆண்டே பஞ்சாப் அணி அவரை 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அடிப்படை விலையோ வெறும் 10 லட்சம்!

அதற்குப் பிறகும் பாதை நேராக இல்லை. 2018-ல் ஹைதராபாத் அணி எடுத்தது 40 லட்சத்துக்கு. இரண்டு சீசன் பெஞ்சிலேயே கழிந்தது. 2020-ல்தான் வாய்ப்பு வந்தது. 16 விக்கெட் எடுத்தார். வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியா போனவர், ஒரே பயணத்தில் மூன்று வகைப் போட்டிகளிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார்.

சில நேரம் கீழ்ப்படியே அதிகம் தருவதும் உண்டு. 2023-ல் சாய் சுதர்சனின் ஐ.பி.எல் சம்பளம் 20 லட்சம். அதே ஆண்டு டி.என்.பி.எல் ஏலத்தில் கோவை கிங்ஸ் அவருக்குக் கொடுத்தது 21.6 லட்சம்! சில மாதங்களில் ஐ.பி.எல் இறுதிப் போட்டியில் 47 பந்துகளில் 96 ரன் விளாசினார்.

வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கியில் இந்த ஏற்ற இறக்கம் எழுத்திலேயே இருக்கிறது. இரண்டாம் நிலை லீக்கான ஏ.எச்.எல்லில் 32 அணிகள். ஒவ்வொன்றும் மேல்நிலையான என்.எச்.எல் அணி ஒன்றோடு இணைக்கப்பட்டது. மேலே ஒருவருக்குக் காயம் என்றால் கீழே இருப்பவருக்கு அன்றே போன் வரும். பலருக்கு ஒரே ஒப்பந்தத்தில் இரண்டு சம்பளம்: மேலே ஆடினால் ஒன்று, கீழே ஆடினால் வேறொன்று. இன்று என்.எச்.எல்லில் ஆடுபவர்களில் பெரும்பாலோர் இந்தப் படியில் நின்றவர்கள்தான்.

படிக்கு மேலே வாசல் இல்லாவிட்டால் என்ன ஆகும்? அதற்கும் நம்மிடமே உதாரணம் இருக்கிறது. கோவை நேரு ஸ்டேடியத்தில் ஆடிய சென்னை சிட்டி கால்பந்து அணி, 2018-19 ஐ-லீக் பட்டத்தை ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஈஸ்ட் பெங்காலை முந்தி வென்றது. ஆனால் அப்போது ஐ-லீக் சாம்பியனுக்கு ஐ.எஸ்.எல்லில் நுழைய வழியில்லை. எட்வின் சிட்னி போன்ற வீரர் சென்னையின் எஃப்.சி-க்கு மாறி மேலே போனார். அணியால் போக முடியவில்லை. 2022-23 சீசனில்தான் வாசல் திறந்தது. பஞ்சாப் அணி முதலில் ஏறியது. அடுத்த ஆண்டு முகமதன் ஸ்போர்ட்டிங். அதற்குள் சென்னை சிட்டி ஐ-லீக்கிலேயே இல்லை.

இரண்டாம் நிலை லீக்கில் கோப்பையைவிட முக்கியம், மேலே போக வழி இருக்கிறதா என்பதுதான். அதே அளவு முக்கியம், கீழிருந்து அந்தப் படிக்கு வர வழி இருக்கிறதா என்பது.

நடராஜனுக்கு அது தெரிந்திருக்கிறது. 2023-ல் சின்னப்பம்பட்டியில் சொந்தமாக ஒரு கிரிக்கெட் மைதானம் அமைத்தார். வாழப்பாடி இரண்டாம் படி என்றால், இது முதல் படி.

வாழவந்திப் பையன் காபிச் செடிகளுக்கு நடுவே இன்னும் பந்தைத் தேடிக்கொண்டிருக்கலாம். அவனுக்கும் தேவை முதலில் கொஞ்சம் சமதளம்தான்.