புல்வெட்டும் வண்டியை வீட்டிலேயே மின்சாரத்துக்கு மாற்றலாமா? மறக்கக் கூடாத ஒரு சுவிட்ச்!

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2021-ல் கையெழுத்தான சட்டத்தின்படி வந்த விதி, 2024 மாடல் முதல் புல்வெட்டும் கருவிகளுக்கான புதிய சிறிய பெட்ரோல் இன்ஜின்களுக்கு கதவை மூடியது. பழைய வண்டிகளை ஓட்டத் தடையில்லை. ஆனால் இன்ஜின் படுத்துவிட்டால்? சிலர் வண்டியைக் காயலான் கடைக்கு அனுப்பாமல், தாங்களே மின்சாரத்துக்கு மாற்றிவிடுகிறார்கள்.

என்ன மாறும்?

இன்ஜின், பெட்ரோல் டேங்க், சைலன்சர் வெளியே போகும். அந்த இடத்தில் மோட்டார், கண்ட்ரோலர், பேட்டரி வரும். பெரும்பாலும் 48 வோல்ட். கியர்பாக்ஸ், சக்கரம், பிளேடு அப்படியே இருக்கும்.

இது புது ஐடியாவா?

இல்லை. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1969-லேயே 'எலெக்-ட்ராக்' என்ற பேட்டரி டிராக்டரை விற்றது.

ஆபத்து எங்கே?

சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் உண்டு. பிளேடு சுற்றும்போது ஓட்டுபவர் எழுந்தால், அது இன்ஜினை நிறுத்திவிடும். இன்ஜினைக் கழற்றும்போது இந்த இணைப்பும் போய்விடும். அதைப் புது கண்ட்ரோலருடன் மறுபடி இணைக்காவிட்டால், ஆள் இறங்கிய பிறகும் பிளேடு சுற்றும். மோட்டாரில் இன்ஜின் சத்தமும் இருக்காது. வண்டி ஆனில் இருப்பதே தெரியாது.

பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ் வைப்பதும் கட்டாயம். 48 வோல்ட்தானே என்று விட்டால், ஷார்ட் சர்க்யூட்டில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து ஒயரே தீப்பிடிக்கும்.

வண்டி ஓடினால் மட்டும் போதாது, நிற்க வேண்டிய நேரத்தில் நிற்கவும் வேண்டும்.