யானையை எங்கே அனுப்புவது?
இங்கிலாந்தின் கென்ட் பிரதேசத்தில் நலிந்துபோன வனமொன்றைப் புதுப்பிக்கும் பொருட்டு 2022ஆம் ஆண்டு பைசன் என்னும் காட்டெருதுகளைக் கொண்டுவந்து விட்டார்கள் என்று சிலாகித்துப் பேசும் நம்மவர்கள், அதே கைங்கரியத்தை ஜொகூரிலே கூலியின்றிச் செய்துவரும் யானை கோத்தா திங்கியிலோ குளுவாங்கிலோ செம்பனைத் தோட்டத்தில் தலைகாட்டியதும், உடனே அதை அப்புறப்படுத்தச் சொல்லி மனுப் போடுவது விசித்திரந்தான். யானை போன தடத்தைச் சற்றே குனிந்து பார்த்தவருக்கு விஷயம் விளங்கும்: முறிந்த இளமரங்களின் இடைவெளியில் வெயில் இறங்கி, தரையோடு கிடந்த செடிகள் தழைக்கின்றன, நார் நாராய் உலர்ந்த லத்தியைப் பிளந்துகொண்டு, தாய்மரத்துக்கு வெகுதூரத்தில் வந்து விழுந்த விதைகள் முளைவிடுகின்றன. எண்டாவ் ரொம்பின் வனத்தில் ஒரு காலத்தில் சஞ்சரித்த சுமத்ரா காண்டாமிருகமோ, 2019 நவம்பரில் சபாவில் கடைசி ஜீவன் மாண்டதோடு மலேசியாவிலேயே இல்லையென்றாயிற்று. அதை மீட்டுக் கொண்டுவர நம்மிடம் ஜோடியும் கிடையாது; எஞ்சியிருக்கும் யானையையாவது காட்டைவிட்டு விரட்டாதிருக்க வேண்டாமா? செம்பனை இளங்கன்றின் குருத்தை யானை ஒரே இராத்திரியில் பிடுங்கித் தின்றுவிட்டால் சிறுதோட்டக்காரருக்கு நேரும் நஷ்டத்தை நான் அற்பமாக எண்ணவில்லை. ஆயினும் 1974 முதல் வனவிலங்குத் துறை கைக்கொண்டுள்ள, பிடித்து வேறு காட்டில் விடும் உபாயம், ஓர் ஊரின் உபத்திரவத்தைத் தீர்க்குமேயன்றி அவ்வூர்க் காட்டின் தேவையைத் தீர்க்காது. துண்டுபட்ட வனங்களை இணைக்கும் வழித்தடமும், சிறு தோட்டங்களுக்கு மின்வேலியும், தாமதமில்லாத நஷ்டஈடுமே வேண்டுவன. செலவில் பெரும்பங்கைப் பெரிய தோட்டக் கம்பெனிகள் ஏற்பதே நியாயம், காட்டை வெட்டி அதிக லாபம் கண்டவர்கள் அவர்கள்தாமே.