கல்யாணத்துக்கு லிஸ்ட் போடுகிற நாம் வீட்டுக்கு ஏன் போடுவதில்லை?

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்ற பழமொழி மேல் எனக்குக் கொஞ்ச நாளாகவே கோபம். இரண்டும் கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். முகூர்த்தம் காலை 7.30 என்று பத்திரிகை அடித்துவிட்டால் அன்றைக்குத் தாலி ஏறியே தீரும். மண்டபத்துக்கு ஆறு மாதம் முன்பே அட்வான்ஸ் போய்விடும். சமையல்காரர் மளிகை லிஸ்ட் கொடுத்துவிடுவார். பந்தியைக் கவனிக்க ஒரு சித்தப்பா, பூவுக்கு ஒரு மாமா, ஸ்டேஷனுக்கு வேன் அனுப்ப ஒரு அண்ணன். "சமையல்காரர் வரலை, தாலியை அடுத்த மாசம் கட்டிக்கலாம்" என்று யாரும் சொன்னதில்லை!

அதே குடும்பம் வீடு கட்டினால்? எட்டு மாதம் என்றது ஒன்றரை வருஷம் ஆகும். வாங்கிய கடன் போதாமல் நகை அடகுக்குப் போகும். ஏன் என்று கேட்டால் இந்தப் பழமொழியைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள். தலைவிதியாம். இதில் விதி ஒன்றும் இல்லை. அந்த வேலையை யாரும் நிர்வாகம் செய்யவில்லை, அவ்வளவுதான்.

நாம் கேட்கிற கேள்வியே தப்பு. தனி வீடா, ஃப்ளாட்டா, வரிசை வீடா, வில்லாவா என்றுதான் மாதக்கணக்கில் பேசுகிறோம். தனி வீடு என்றால் மண் முழுக்க நமக்கு. ஃப்ளாட் என்றால் யுடிஎஸ் என்கிற பிரிக்கப்படாத பங்கு மட்டும். இதெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். ஆனால் "இந்த வேலையை நடத்தப் போவது யார்? எந்த வேலை எந்த நாளில் முடியும்? முடிந்ததைப் பார்த்துச் சரி என்று சொல்வது யார்?" என்று எத்தனை பேர் கேட்கிறோம்?

தனி வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சதுர அடிக்கு இவ்வளவு என்று மேஸ்திரியிடம் பேசி முடித்துவிடுகிறோம். பூமி பூஜைக்கும் நிலைவாசல் வைக்கவும் நல்ல நேரம் பார்க்கிறோம். சென்டரிங் எப்போது பிரிக்க வேண்டும் என்று பார்ப்பதில்லை. அதற்கும் நாள் குறித்து வைத்திருக்கிறார்கள். ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரவிதி, சாதாரண சிமென்டில் போட்ட தளம் 4.5 மீட்டர் அகலத்துக்குள் இருந்தால் முட்டுகளை 7 நாளாவது விடச் சொல்கிறது. அதற்கு மேல் போனால் 14 நாள். 6 மீட்டரைத் தாண்டிய பீமுக்கு 21 நாள். தண்ணீர் கட்டி வைப்பது சாதாரண சிமென்டுக்குக் குறைந்தது 7 நாள், கலப்பு சிமென்டுக்கு 10 நாள். நம் ஊர் மாதிரி வெயில் அடிக்கிற இடத்தில் இன்னும் அதிகம். ஆனால் மேஸ்திரிக்கு அந்தப் பலகையும் முட்டும் அடுத்த சைட்டுக்கு வேண்டும். அவரைத் திட்டிப் பயனில்லை. அவசரப்பட்டால் லாபம் என்கிற மாதிரி கூலி பேசியது நாம்தான்.

இன்னொரு கூத்து. சுவர் பூசி முடித்த பிறகு எலக்ட்ரீஷியன் வந்து உளி வைத்துக் கொத்துவார். டைல்ஸ் ஒட்டிய பிறகு பிளம்பர் வந்து உடைப்பார். எதற்கு அப்புறம் எது என்று ஒரு நோட்டில் எழுதியிருந்தால் இந்த உடைப்புக்கும் மறுபூச்சுக்கும் செலவே இல்லை. சிவில் படிக்கிற நாங்கள் பரீட்சைக்கு சி.பி.எம்., பெர்ட் என்று பக்கம் பக்கமாகப் படம் வரைகிறோம். அதன் சாரமே இந்த நோட்டுதான். அது சைட்டுக்கு மட்டும் வந்து சேருவதில்லை.

"அதனால்தான் ஃப்ளாட் வாங்குகிறோம், பில்டர் பார்த்துக்கொள்வார்" என்பீர்கள். பில்டர் எதைப் பார்ப்பார்? பணம் எதற்கு வருகிறதோ அதை! அஸ்திவாரத்துக்கு இத்தனை சதவீதம், முதல் தளம் போட்டதும் இத்தனை, இரண்டாம் தளத்துக்கு இத்தனை என்றுதான் பல ஒப்பந்தங்கள் இருக்கின்றன. அதனால் தளங்கள் கடகடவென்று ஏறும். பணத்தில் பெரும்பகுதி கைக்கு வந்ததும் பூச்சு, குழாய், லிஃப்ட் எல்லாம் நொண்டியடிக்கும்.

தாமதம் போனால் போகட்டும். சென்னை மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று, கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் செத்தார்கள். பக்கத்தில் இருந்த இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். வரைபடம், அனுமதி, மேற்பார்வை என்று எத்தனை கையெழுத்துகள் அதற்கு முன்னால் விழுந்திருக்கும்? ஒவ்வொருவரும் அடுத்தவர் பார்த்திருப்பார் என்று நினைத்தால் இதுதான் கதி.

அரசு கட்டினாலும் இதே கதைதான். புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் கையால் தேய்த்தாலே பூச்சு உதிர்ந்ததை 2021ல் ஊரே பார்த்தது. ஐ.ஐ.டி. ஆய்வு வரை போனது. குடிசையில் இருந்தவர்களை மாடி வீட்டுக்கு மாற்றியாயிற்று. வீட்டின் வகை மாறியது, கட்டிய விதம் மாறவில்லை.

சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. 2016ல் வந்த ரெரா சட்டப்படி, வாங்குபவர்களின் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட், ஆடிட்டர் மூவரும் சான்று கொடுத்த பிறகே, முடிந்த வேலைக்கு ஏற்றபடி எடுக்கலாம். வீட்டை ஒப்படைத்து 5 வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் பில்டர் 30 நாளில் தன் செலவில் சரி செய்ய வேண்டும். நல்ல சட்டம். ஆனால் நிலம் 500 சதுர மீட்டருக்குள் இருந்தாலோ, வீடுகள் எட்டுக்குள் இருந்தாலோ பதிவே தேவையில்லை. நம் தெருக்களில் முளைக்கிற நாலு ஃப்ளாட், ஆறு ஃப்ளாட் கட்டடங்களெல்லாம் இப்படித் தப்பித்துவிடுகின்றன. சொந்த மனையில் மேஸ்திரி வைத்துக் கட்டுபவருக்கும் இதில் ஒன்றும் இல்லை.

"சின்ன வீட்டுக்கு இதெல்லாம் எதுக்கு? இன்ஜினியர் வைத்தால் செலவு" என்பார்கள். கல்யாணத்தில் வீடியோக்காரருக்குக் கொடுப்பதற்கு யோசித்தோமா?

நான் கேட்பது நாலே நாலு விஷயம். எந்த வேலை எந்தத் தேதியில் என்று ஒரு அட்டவணை, மேஸ்திரி கையெழுத்தோடு. முட்டு பிரிக்கும் நாளும் தண்ணீர் கட்டும் நாளும் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும். தளம் போட்டதற்கு மட்டும் பணம் என்றில்லாமல், அதில் ஒரு பகுதியை 28 நாள் க்யூப் டெஸ்ட் ரிசல்ட் பார்த்த பிறகு கொடுக்க வேண்டும். கான்கிரீட் போடுகிற அன்றைக்காவது, காண்ட்ராக்டரிடம் சம்பளம் வாங்காத ஒரு இன்ஜினியர் சைட்டில் நிற்க வேண்டும். "கலவை ஓடலை" என்று யாராவது குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினால் தடுக்க ஒரு ஆள் வேண்டாமா?

ஒரு நாள் சாப்பாட்டுக்கு அத்தனை லிஸ்ட் போடுகிறோம். ஆயுசு முழுக்கத் தலைக்கு மேல் நிற்கப் போகிற தளத்துக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கக் கூடாதா?